நுண்சிமிழுக்குள் ஒரு வெப்பக் குதிர்

நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்தோம். மழைநீரை ஏரியில் தேக்கினோம். மின்சாரத்தை மின்கலத்தில் அடைத்தோம். ஆனால் பகலெல்லாம் கொட்டிக் கிடக்கும் வெப்பத்தைச் சேர்த்து வைக்க ஒரு குதிர் வேண்டும் என்றால் எளிதில் கிடைப்பதில்லை. வெப்பம் ஓரிடத்தில் நிற்பதன்று. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நாடி ஓடிக்கொண்டே இருப்பது. அதைப் பிடித்து வைக்க அறிவியலார் கண்ட வழிகளுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத சிறு சிமிழ்களுக்குள் மெழுகை அடைத்து வைப்பதாகும். அச்சிமிழ்களை எவ்வாறு செய்கிறார்கள், அவற்றின் தரத்தை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மறைந்திருக்கும் வெப்பம்

பனிக்கட்டியைச் சூடேற்றினால், அது முழுவதும் உருகித் தீரும் வரை வெப்பநிலைமானி 0° செல்சியசிலேயே நிற்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று? 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக், அது அழியவில்லை, மறைந்திருக்கிறது என்று காட்டினார். அதுவே உள்ளுறை வெப்பம். திண்மத்தில் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டைத் தளர்த்த அது செலவாகிறது என்பதை இன்று அறிவோம். பொருள் மீண்டும் உறையும்போது அதே வெப்பம் வெளியே வந்துவிடும்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். ஆயினும் அது உருகுவது 0° செல்சியசில். நாம் வாழும் அறைக்குப் பயன்பட வேண்டுமானால் 20 முதல் 30 பாகைக்குள் உருகும் பொருள் தேவை. பதினெட்டுக் கரியணுக்களைக் கொண்ட ஆக்டாடெக்கேன் என்னும் பாரபின் ஏறத்தாழ 28 பாகையில் உருகுகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 240 கிலோ ஜூல் வெப்பத்தை உட்கொள்கிறது. இதே அளவு வெப்பத்தை 5 பாகை உயர்வுக்குள் நீரில் சேமிக்கப் பதினொன்றரைக் கிலோ நீர் வேண்டும். கான்கிரீட்டில் சேமிப்பதானால் ஐம்பது கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ மெழுகின் ஆற்றல் இதிலிருந்தே விளங்கும்.

டோவர் வீடு தந்த பாடம்

1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்னும் ஊரில் ஒரு வீடு கட்டப்பட்டது. ஹங்கேரியில் பிறந்த அறிவியலார் மரியா டெல்க்கஸ் அம்மையார் அதன் வெப்ப அமைப்பை வகுத்தார்; கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட் அம்மையார் வீட்டை வடிவமைத்தார். கதிரவனின் வெப்பத்தைக் கிளாபர் உப்பில் சேமித்துக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதே திட்டம். இவ்வுப்பு 32.4 பாகையில் உருகுவது, விலையும் மலிவு. தொடக்கத்தில் வீடு நன்றாகவே இருந்தது. ஆனால் சில குளிர்காலங்களுக்குள் அமைப்பு செயலிழந்துவிட்டது.

காரணம் என்ன? கிளாபர் உப்பு சோடியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த படிகம். உருகும்போது நீரற்ற சல்பேட்டின் ஒரு பகுதி கரையாமல் அடியில் தங்குகிறது. குளிரும்போது மேலே உள்ள நீர் அடியில் உள்ள உப்பைச் சென்று சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகச் சேமிப்பு குறைகிறது. போதாததற்கு, உறைநிலைக்குக் கீழே சென்ற பின்னும் உறையாமல் நீர்மமாகவே நிற்கும் மீக்குளிர்வு என்னும் குணமும் இதற்கு உண்டு. முதல் முறை நன்றாக வேலை செய்யும் பொருள் நூறாவது முறையும் அவ்வாறே செய்யும் என்று நம்பிவிடக் கூடாது என்பதே டோவர் வீட்டின் பாடம்.

மெழுகு இவ்வாறு பிரிவதில்லை. ஆனால் அதற்கு வேறு குறைகள் உண்டு. உருகினால் ஒழுகிவிடும், வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தம். பெரிய கட்டியாக வைத்தால் ஓரம் உருகிய பின்னும் நடுப்பகுதி உருகாமல் கிடக்கும். இக்குறைகளைப் போக்க வந்ததே நுண்சிமிழ். 1 செ.மீ. விட்டமுள்ள மெழுகு உருண்டையை 10 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக்கினால் நூறு கோடித் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு ஆயிரம் மடங்காகும். பரப்பு பெருகினால் வெப்பம் நுழையவும் வெளியேறவும் வழி பெருகும்.

சிமிழ் செய்யும் முறை

இக்கலை முதலில் வெப்பத்துக்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீன் என்பவர் மைத்தாள் இல்லாமலே படி எடுக்கும் தாளை உருவாக்க முயன்றார். நிறமாகக் கூடிய நீர்மத்தை நுண்சிமிழ்களில் அடைத்துத் தாளில் பூசினார். எழுதுகோல் அழுத்தியதும் சிமிழ் உடைந்து அடித்தாளில் எழுத்துப் பதிந்தது. 1954-இல் அத்தாள் விற்பனைக்கு வந்தது. அங்கே சிமிழ் உடைய வேண்டும்; இங்கே உடையவே கூடாது.

அவர் கையாண்ட முறையை நம் ஆய்வுக்கூட மொழியில் சொல்லலாம். ஜெலட்டின் கரைசலையும் வேலம்பிசின் கரைசலையும் ஏறத்தாழ 50 பாகையில் வைத்துக்கொள்கிறோம். உருகிய மெழுகை அதில் விட்டு வேகமாகக் கலக்கினால் பால் போன்ற பால்மம் உண்டாகும். கலக்கும் வேகமே துளியின் பருமனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பின்னர் சிறிது அமிலம் சேர்த்துப் பி.எச். அளவை ஏறத்தாழ 4-க்குக் கொணர்ந்தால் ஜெலட்டின் நேர்மின்னூட்டம் பெறுகிறது. பிசின் எதிர்மின்னூட்டத்துடன் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துக் கரைசலிலிருந்து பிரிந்து, ஒவ்வொரு மெழுகுத் துளியின்மேலும் போர்வையாகப் படிகின்றன. குளிர வைத்தால் போர்வை இறுகும். ஃபார்மால்டிஹைடு போன்ற பொருளைச் சேர்த்து அதைக் கெட்டியாக்கி, வடிகட்டி உலர்த்தினால் மாவு போன்ற தூள் கிடைக்கும்.

ஜெலட்டின் சுவர் ஈரத்தைத் தாங்காது. ஆகவே மெலமின்-ஃபார்மால்டிஹைடு, பாலியூரியா, அக்ரிலிக் முதலிய பலபடிகளால் இன்று சுவர் அமைக்கிறார்கள். மெலமின் சுவர் உறுதியானது. ஆனால் எஞ்சிய ஃபார்மால்டிஹைடு மெல்லக் கசியக்கூடும். மனிதர் வாழும் அறைக்கு அது ஏற்றதன்று என்பதால் கட்டடப் பொருள்களில் அக்ரிலிக் சுவருக்கு மதிப்பு மிகுதி. சுவர் மெலிந்தால் உடையும். தடித்தால் மெழுகுக்கு இடம் குறையும். உருகும் மெழுகு பத்து விழுக்காடு அளவுக்கு விரிவதால் அதற்கும் சுவர் இடங்கொடுக்க வேண்டும்.

சோதனைகள்

முதற் சோதனை கண்ணால் பார்ப்பது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சிமிழ்கள் உருண்டையாக உள்ளனவா, குழி விழுந்தனவா, வெடித்தனவா என்று காணலாம்.

இரண்டாவது, வகையீட்டு வருடல் கலோரிமானி என்னும் கருவியில் செய்யும் சோதனை. சில மில்லிகிராம் தூளைச் சீராகச் சூடேற்றி, உருகும்போது அது கொள்ளும் வெப்பத்தை அளக்கிறோம். தூய மெழுகு கிராமுக்கு 240 ஜூலும் தூள் 180 ஜூலும் கொண்டால், தூளில் நான்கில் மூன்று பங்கு மெழுகு, மீதி சுவர். குளிர்விக்கும்போதும் அளக்க வேண்டும். மிகச்சிறு துளிகளில் உறைதலைத் தொடங்கிவைக்கும் கரு அரிதாகையால் இங்கும் மீக்குளிர்வு தலைகாட்டும். அதற்காக வேறோர் உயர் உருகுநிலை மெழுகையோ ஆல்ககாலையோ சிறிதளவு கலப்பதுண்டு.

மூன்றாவது கசிவுச் சோதனை. தூளை வடிதாளில் பரப்பி உருகுநிலைக்கு மேல் சில மணி நேரம் வைத்தால், சுவர் பழுதான சிமிழ்களின் மெழுகு தாளில் எண்ணெய்க் கறையாகத் தெரியும். எளிய சோதனைதான், ஆனால் பொய் சொல்லாது.

நான்காவது, மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைப்பது. சுவரில் பூசிய சிமிழ் நாளுக்கு ஒருமுறை உருகினாலும் பத்தாண்டில் 3,650 முறை ஆகும். எனவே ஆய்வுக்கூடத்தில் சில நூறு, சில ஆயிரம் முறை விரைவாக உருக்கி உறைய வைத்து, பின்னர் கலோரிமானியில் மீண்டும் அளக்கிறார்கள். முதல் அளவும் கடைசி அளவும் நெருங்கி நின்றால்தான் பொருளை நம்பலாம்.

பயனும் எல்லையும்

1980களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவில், விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக இச்சிமிழ்களைத் துணியில் சேர்க்கும் ஆய்வு நடந்தது. பின்னர் அவை குளிர்கால ஆடைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் வந்தன. 2000களில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் சுவர்ப்பூச்சிலும் ஜிப்சப் பலகையிலும் கலப்பதற்கான அக்ரிலிக் சிமிழ்களை விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. சிமிழ் வெப்பத்தை அழிப்பதில்லை. கடனாக வாங்கி வைக்கிறது. பகலில் வாங்கிய கடனை இரவில் அடைத்தால்தான் மறுநாள் மீண்டும் வாங்க முடியும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் மே மாதத்தில் பல இரவுகள் 28 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஜெர்மனியில் சிறப்பாகப் பயன்படும் மெழுகு அங்கே உருகியது உருகியபடியே கிடக்கும்; இரவில் உறையாத மெழுகு வெறும் மெழுகுதான். ஆகவே நம் ஊரின் பகலையும் இரவையும் அளந்து அதற்கேற்ற உருகுநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெழுகு எரியக்கூடியது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

வெப்பநிலைமானி, நீர்த்தொட்டி, சிறிது மெழுகு ஆகியவை நம் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன. உருகும் மெழுகின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் இட்டால், கோடு ஏறாமல் சற்று நேரம் கிடக்கையாகச் செல்வதைக் காணலாம். மறைந்திருக்கும் வெப்பத்தை நாம் நேரில் காணும் இடம் அதுவே. அந்தக் கோட்டிலிருந்து தொடங்கி, நம் ஊர் இரவுக்கு ஏற்ற மெழுகு எது என்று தேடும் பணியை நம்முள் சிலரேனும் மேற்கொள்ளலாம்.