உங்களுக்குத் தெரியுமா? – கடலில் மிதந்து பரவிய நாட்டு வாதுமை

● பள்ளிக்கூட வளாகத்தில் குடை விரித்தாற்போல அடுக்கடுக்காக நிற்கும் ‘பாதாம் மரம்’, உண்மையில் பாதாமுக்கு உறவே அல்ல. கடைப் பாதாம் ரோஜாக் குடும்பம். இந்த நாட்டு வாதுமையோ மருதமரத்துக்கும் கடுக்காய்க்கும் தான்றிக்கும் நெருங்கிய சொந்தம்.

● இதன் தாய்வீடு கடற்கரை. கொட்டையைச் சுற்றியுள்ள நார்த்தோடு தக்கைபோல லேசானது. அதனால் காய் உப்புநீரில் மிதந்து, ஒதுங்கிய கரையில் முளைக்கும். உள்நாட்டுக்குள் இதைக் கொண்டுபோவது பெரும்பாலும் பழந்தின்னி வௌவால்கள்.

● 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துத் தீவையே சாம்பலால் மூடியது. பின்னர் அங்கே கரையோரக் காட்டை மீண்டும் உருவாக்கிய மரங்களில் இதுவும் ஒன்று.

● தாவரவியல் பெயர் ‘டெர்மினாலியா கட்டப்பா’. இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருப்பதால் முதற்சொல். ‘கெத்தாப்பாங்’ என்ற மலாய்ப் பெயரிலிருந்து இரண்டாவது.

● பழுத்த சதை இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். காய்ந்த கொட்டையைக் கல்லால் தட்டினால் விரல்நுனி அளவே பருப்பு. அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் இந்தப் பருப்பைச் சந்தையில் விற்கிறார்கள்.

● உதிருமுன் இலைகள் செக்கச்செவேலெனச் சிவக்கும். அந்தச் சருகைக் குப்பையென்று எரிக்காதீர்கள்: வண்ணமீன் வளர்ப்போர் அதைத் தேடி வாங்கித் தொட்டியில் இடுகிறார்கள்!