பஜ்ஜு ஷ்யாம்

பஜ்ஜு ஷ்யாம் (பிறப்பு: 1971) கோண்டு பழங்குடி ஓவியர், நூலாசிரியர். லண்டன் நகரத்தைக் கோண்டு மரபின் கண்களால் வரைந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' (2004) நூலால் உலக அளவில் அறியப்பட்டார். சென்னை திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ் பதிப்பகம் இந்நூலை வெளியிட்டது.

பிறப்பு, இளமை

பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று டிண்டோரி மாவட்டத்தில் உள்ளது. கோண்டு மக்களின் பாணர்களான பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். பர்தான்கள் 'பானா' என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி, கோண்டுக் குடும்பங்களின் குலக்கதைகளைப் பாடி வாழ்ந்தவர்கள். கோண்டு மக்களின் மொழியான கோண்டி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வேலை தேடிப் போபாலுக்குச் சென்ற பஜ்ஜு, இரவுக் காவலாளியாகவும் எலக்ட்ரீஷியனாகவும் பணியாற்றினார். பின்னர் உறவினரான புகழ்பெற்ற ஓவியர் ஜங்கர் சிங் ஷ்யாமிடம் உதவியாளராகச் சேர்ந்து ஓவியம் கற்றார். பாட்டில் சொல்லப்பட்ட கதைகளைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் ஜங்கர். உருவங்களின் உட்பகுதியைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்புவது இப்பாணியின் அடையாளம். ஒவ்வோர் ஓவியரும் தமக்கென ஒரு நிரப்பும் முறையை வைத்துக்கொள்வர். அதுவே அவரது கையொப்பம்.

காலனியப் பின்னணி

பஜ்ஜு பிறந்த நிலப்பகுதி ஆங்கில எழுத்தில் முன்பே இடம்பெற்றிருந்தது. ருட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' (1894) கதைகளின் களம் சிவனி மலைப்பகுதி. சிவனிக்கு அடுத்திருப்பது மண்ட்லா. டிண்டோரி 1998 வரை மண்ட்லாவின் பகுதியாக இருந்தது. 1895-இல் வந்த இரண்டாம் தொகுதியில் ஒரு கோண்டுத் தலைவர் தோன்றுகிறார். அவருக்குப் பெயர் இல்லை. ஊரார் கேட்கும் கேள்விக்கு ஒரு சொல்லும் பேசாமல், சைகையால் பதில் சொல்லிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

இதே காலகட்டத்தில் காடு மக்களின் கையைவிட்டுப் போனது. 1865, 1878 ஆண்டுகளின் வனச்சட்டங்கள் காடுகளை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தன. பின்னர் ஆங்கிலேய மானிடவியலாளர் வெரியர் எல்வின் (1902–1964) இப்பகுதியில் தங்கி, பழங்குடிகள் பற்றிப் பல நூல்கள் எழுதினார். சில காலம் அவர் வாழ்ந்த ஊர்களில் பாட்டன்கரும் ஒன்று.

தி லண்டன் ஜங்கிள் புக்

2002-இல் லண்டன் இசுலிங்டனில் உள்ள ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட பஜ்ஜு ஷ்யாமும் ராம் சிங் உர்வேதியும் அழைக்கப்பட்டனர். அங்கே தங்கிய இரண்டு மாத அனுபவமே இந்நூல். பஜ்ஜு வாய்மொழியாகச் சொன்னவற்றைக் கீதா உல்ஃப், சிரிஷ் ராவ் ஆகியோர் எழுத்தில் தொகுத்தனர்.

இந்நூலில் விமானம் பறக்கும் யானையாகிறது. சுரங்க ரயில் மண்ணுக்கடியில் செல்லும் மண்புழு. தவறாமல் வந்து அழைத்துச்செல்லும் 30-ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். மாலையானதும் மதுக்கூடங்களில் கூடும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். கோண்டு மரபில் நேரத்தை அறிவிப்பது சேவல். லண்டனில் அது பிக் பென் மணிக்கூண்டு. அட்டைப் படத்தில் இரண்டும் ஒரே உருவமாக இணைகின்றன.

பிற நூல்கள், விருதுகள்

துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோருடன் இணைந்து உருவாக்கிய 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006), கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யப்பட்ட நூல். 2008-இல் இத்தாலியின் பொலோனியா ரகாட்சி விருதைப் பெற்றது. இந்திய அரசு 2018-இல் பஜ்ஜு ஷ்யாமுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கலை இடம்

ஆஸ்திரேலியப் பழங்குடி வழிவந்த ஓவியர் கோர்டன் பென்னெட் (1955–2014), காலனியர் வரைந்த வரலாற்றுப் படங்களையே எடுத்து மாற்றி வரைந்து, அவற்றின் உண்மையைக் கேள்விக்குள்ளாக்கினார். பஜ்ஜு ஷ்யாமின் வழி வேறு. அவரது படங்களில் குற்றச்சாட்டு இல்லை. வியப்பும் நகைச்சுவையும் உள்ளன. ஆனால் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிவிடுகின்றனர். ஆங்கிலேயரின் வழக்கங்களைக் கூர்ந்து கவனித்து, தம் மரபின் விலங்குகளோடு ஒப்பிட்டு விளக்குபவர் இங்கே ஒரு கோண்டு. கிப்ளிங்கின் கதையில் பெயரும் பேச்சும் இல்லாமல் வந்துபோன கோண்டு மனிதர், அந்நூலின் தலைப்பை நினைவூட்டும் இன்னொரு நூலில் தம் பெயரோடு ஆசிரியராக இடம்பெறுகிறார்.