இலையிட்டுப் படைக்கும் கடை

சைவம் என்னுஞ் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தார் வழக்கில் இரு பொருள் உண்டு. சிவனை முழுமுதற் பொருளாகக் கொள்ளுஞ் சமயம் ஒன்று. மீனும் இறைச்சியும் முட்டையுஞ் சேராத ஊண் மற்றொன்று. ‘இன்றைக்கு எங்கள் வீட்டிற் சைவம்’ என்று ஒருவர் கூறின், நேற்று அவர் வேறு சமயத்தவராயிருந்தார் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. மூன்று புறமுங் கடல் தழுவிய குடாநாட்டிலே நாடோறும் மரக்கறி மட்டுமே உண்ணுங் குடும்பங்கள் சிலவே. ஆயினும் வெள்ளிக்கிழமைகளிலும், கந்தசட்டி விரத நாட்களிலும், நல்லூர்க் கந்தனின் உற்சவம் நிகழும் 25 நாட்களிலும் எத்தனையோ அடுக்களைகளில் மீன்சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். இவ்வழக்கத்தைத் துணைக்கொண்டு பட்டினத்திலே வேரூன்றிய தாபனமே சைவக்கடை. அதன் நடைமுறைகளைப் பற்றியும், அதன் படிக்கட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கைப் பற்றியும் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

சோற்றை விலைக்கு விற்றல் இழுக்கென எண்ணிய காலமும் நம்மவரிடையே இருந்தது. வழிப்போக்கனுக்கு மடம் இருந்தது. மடத்தில் அன்னதானம் இருந்தது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் எழுந்தருளியிருக்கும் முருகனை இன்றும் ‘அன்னதானக் கந்தன்’ என்றே அடியார்கள் போற்றுகின்றனர். ஆனால், கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாகத் தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் காலையிற் புறப்பட்டு வந்தவனுக்கு, வழக்குத் தவணை தள்ளிப்போடப்பட்ட பின் நண்பகலிற் பசிக்குமன்றோ? மடத்தைத் தேடிச் செல்ல அவனுக்கு நேரமுமில்லை, மனமுமில்லை. கையிற் காசு உண்டு. வீட்டுச் சோற்றை ஒத்த சோறும், ஆசாரத்துக்குக் குறைவில்லாத அடுக்களையும் வேண்டும். இத்தேவையே கடையைத் தோற்றுவித்தது. இந்தியாவிலிருந்து வந்து கடை நடத்தியோர் சாம்பாரையும் இட்டலியையும் கொண்டுவந்தனர். உள்ளூரார் சொதியையும் சம்பலையும் சேர்த்தனர். இன்று சைவக்கடை இலையில் இவ்விரு மரபும் சண்டையின்றிப் பக்கத்திற் பக்கமாக இருக்கின்றன.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியிலுள்ள மலாயன் கபேயை இவ்வகைக் கடைக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பெயரைக் கேட்ட மாத்திரத்தே, புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவியிலும் அமர்வதற்காக நம்மவர் கப்பலேறிச் சென்ற மலாயாவின் நினைவு வரும். உள்ளே நுழைந்தால் 1950களின் சாயல் அகலாத மண்டபம்: பளிங்குக்கல் பதித்த மேசைகள், மரப்பலகை வேலைப்பாடுகள், நிலைக்கண்ணாடிகள், கண்ணாடி அலுமாரிகள். சுவரிலே ஒரு சமயத்தவரை மட்டுமன்றிப் பல சமயத்துப் பெரியோரையும் படங்களாக மாட்டியிருக்கின்றனர். வாழையிலையில் உண்டு முடித்தவர், தம் இலையைத் தாமே மடித்தெடுத்துச் சுவரிலுள்ள ஒரு துவாரத்தினுள் இட்டுவிட வேண்டும். முதன்முறை வருவோர் இத்துவாரத்தின் முன் சற்றே தயங்கி நிற்பதுண்டு. எச்சிலிலையைப் பிறர் எடுக்கும்படி விடாத இவ்வேற்பாட்டை அமைத்தவர் யாவராயினும், அவர் நுண்ணறிவு மெச்சத்தக்கது.

இத்தகைய கடைகளிலே தனிமேசை என்பது பெரும்பாலும் இல்லை. நால்வர் அமரும் மேசையில் இருவர் இருந்தால், மூன்றாமவராய் நீர் அமர்வீர். எதிரே இருப்பவர் அப்புக்காத்தாயுமிருக்கலாம், புகையிலை விற்க வந்த கமக்காரராயுமிருக்கலாம். இலை போடப்படும், நுனி இடக்கைப் பக்கமாக இருத்தல் முறை. நீர் தெளித்துத் துடைத்தபின் பரிமாறுவோர் வாளியும் அகப்பையுமாக வருவர். முதலிற் கறிவகை: பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு அல்லது பால்கறி, கீரைக்கடையல், ஒரு வறை, பச்சடி அல்லது சம்பல். பின்னர் இலை நடுவே சோறு. நாட்டரிசிச் சோறாயின், மொட்டைக்கறுப்பன் போன்ற சிவந்த அரிசிகளின் மணமும் கடிப்பும் வேறெதற்கும் வாரா. அதன்மேற் பருப்பு, பின் குழம்பு, பின் சாம்பார் அல்லது இரசம், ஈற்றிற் சொதியோ மோரோ. அப்பளமும் மோர்மிளகாயும் பொரித்து வைப்பர். ‘போதும்’ என்று கையால் மறிக்குமட்டும் சோறுங் கறியும் வந்துகொண்டே இருக்கும், விலையோ ஒன்றே. வயிற்றுக்கு அளவு வைக்காமல் விலைக்கு மட்டும் அளவு வைத்த இவ்வேற்பாடு, கல்லூரி விடுதியிற் பெற்ற அரைவயிற்றை மறவாத பழைய மாணவர் பலரைத் தன்பால் ஈர்த்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கறியின் நிறத்துக்கும் மணத்துக்குங் காரணம் நம் மிளகாய்த்தூள். பெயர் மிளகாய்த்தூளேயாயினும் அதனுட் கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியனவெல்லாம் உள. ஒவ்வொன்றையுந் தனித்தனியே பக்குவமாக வறுத்து, ஆறவிட்டு, இடித்து அரித்தெடுப்பர். வறுவல் ஒரு கணங் கூடினாற் கசக்கும்; குறைந்தாற் பச்சை மணம் போகாது. ஆகவே இரண்டு கடைகள் ஒரே சந்தையிலே ஒரே கத்தரிக்காயை வாங்கினாலும் கறி ஒன்றாயிராது.

சொதியைப் பற்றித் தனியே ஒரு சொல். அயலூரார் இதனை இளக்காரமாக நோக்கிப் பின்னர் இரண்டாம் முறை கேட்டு வாங்குவர். தேங்காயைத் துருவிப் பிழிந்த முதற்பாலைப் புறம்பே எடுத்து வைத்து, பின் எடுத்த தண்ணிப்பாலிலே வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு என்பவற்றை இட்டு அவியவிட வேண்டும். அவை வெந்தபின் முதற்பாலை வார்த்துத் துழாவிக்கொண்டே நின்று, நுரை கட்டி எழும்புந் தறுவாயில் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டாற் பால் திரைந்துபோம். தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருக்கும்போது விடலாகாது. இறக்கிச் சூடு சற்றே தணிந்தபின் விடுவதே முறை. வீட்டில் நால்வருக்குச் சொதி வைத்தல் எளிது. நண்பகலில் நூறு பேருக்கு வைத்து, அதனைத் திரையாமல் இரண்டு மணி நேரங் காத்தல் கைவந்த சமையற்காரருக்கே இயலும். ஒரு கடையை மதிப்பிட விரும்புவோர் பாயசத்தைப் பாராது சொதியைப் பார்க்க என்பது இவ்வெழுத்தாளனின் துணிபு.

காலையிலும் மாலையிலும் தோசை, இட்டலி, வடை. நம் வீட்டுத் தோசை உழுந்தோடு கோதுமைமாவுங் கலந்து, வெந்தயமும் மஞ்சளுஞ் சேர்த்து, வெங்காயமுஞ் செத்தல்மிளகாயுந் தாளித்துக் கொட்டிய மாவாற் சுடப்படுவது. தடித்து, மஞ்சள் நிறத்ததாய், மெத்தென்றிருக்கும். கடைத்தோசை பெரும்பாலும் இந்திய முறையைத் தழுவி வெண்மையாயும் மெல்லியதாயும் இருக்கும். இரண்டிற்கும் சம்பல் ஒன்றே. வடையைப் பொறுத்தமட்டில் ஒரு பழைய வழக்கம் கவனிக்கத்தக்கது. கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையை மேசை நடுவில் வைத்துவிடுவர். உண்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவர். எண்ணுபவர் பரிமாறுபவர், சொல்பவர் உண்டவர், இருவருக்குமிடையே நம்பிக்கையன்றி வேறு சாட்சியில்லை. மேனாட்டு முறையிலே கற்ற பொருளியலார் இதனை எவ்வாறு விளக்குவரோ, அறியேம்.

இனி, மேற்கூறிய வழக்குக்கு வருவோம். ‘எவரும் எவரோடும் ஒரே மேசையில்’ என்று முன்னே எழுதினேம். அது நெடுங்காலம் உண்மையாயிருக்கவில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோருக்குப் பல தேநீர்க்கடைகளிலும் உணவுக்கடைகளிலும் வாங்கில் இடமில்லை. வெளியே நின்றோ நிலத்தில் இருந்தோ அருந்த வேண்டும். அவர்க்கெனப் போத்தலும் தகரக்குவளையும் சிரட்டையுந் தனியே வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிக் குவளையிலே மற்றவருக்குத் தேநீர் ஆற்றிய அதே கை, இவருக்குச் சிரட்டையில் வார்த்தது. சுவரிற் பெரியோர் படமும், ஊதுபத்தி மணமும், நெற்றியில் மூன்று குறி நீறும் இருந்த இடங்களிலேயே இது நிகழ்ந்தது என்பதை மறைத்தெழுதுதல் தகாது.

இதனை எதிர்த்தோரும் நம்மிடையே தோன்றினர். 1924இல் உருவாகிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி பாராது ஒருங்கிருந்து உண்ணும் சமபோசனத்தைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற கிளர்ச்சியும், அதற்கெழுந்த கடும் எதிர்ப்பும் 1930ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தவை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் ஏறியதனால் வாங்கில் இடம் வந்துவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேசத்தை நடத்தினர். 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த கடைப்பிரவேசப் போராட்டங்களில் உயிர்களும் பலியாயின. ஒரு குவளைத் தேநீருக்காக உயிர் போயிற்று என்று இளைஞர்க்குச் சொன்னால் நம்பமாட்டார். அவர் நம்பாமை ஒருவகையில் மகிழ்ச்சிக்குரியது, அறியாமை மகிழ்ச்சிக்குரியதன்று. கல்லூரி மாணவர் இவ்வரலாற்றைப் பாடப்புத்தகத்திற் காணாவிடின், கே. டானியலின் ‘பஞ்சமர்’ முதலிய நாவல்களையேனும் தேடி வாசிப்பாராக.

கொழும்புச் சைவக்கடைகளின் கதை வேறு. அரசாங்க உத்தியோகம் பெற்றுச் சென்ற நம் இளைஞர், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்து நால்வர் ஐவராய்க் கூடி வாழ்ந்தனர். அறையில் அடுப்பில்லை, சமைக்கத் தெரிந்தவருமில்லை. கடையில் மாதக் கணக்கு வைத்துச் சம்பள நாளிற் தீர்ப்பர். ஊர்ச்செய்தி கேட்கவும், பெண் பார்த்த விடயம் பேசவும், இடமாற்ற உத்தரவைப் பற்றிப் புலம்பவும் அவ்வாங்கே சபையாயிற்று. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி இவர்களையும், இவர்கள் தாய்மார் கட்டிக்கொடுத்த பொதிகளையுஞ் சுமந்தது. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது சைவக்கடைகளும் தப்பவில்லை. அன்று எரிந்தவற்றுட் கணக்குப் புத்தகங்களும் அடங்கும்.

யாழ்ப்பாணத்துக் கடைகள் வேறொரு வகையில் வாடின. 1990இற் புகையிரதம் நின்றது, மின்சாரம் போயிற்று, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமம் வெறுமையானபோது, ஊறப்போட்ட உழுந்து எத்தனை அடுக்களைகளில் அப்படியே கிடந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. வெளிநாடுகளிற் குடியேறிய பிள்ளைகளும் வரலாயினர். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, விறகடுப்பை இடித்துவிட்ட கடைக்காரர் வருந்தினர். இடியாது வைத்திருந்தோர் சமைத்தனர்.

இப்பொழுது கடைக்குள் நுழைந்திருக்கும் புதுப்பகைவன் ஒரு மெல்லிய தாள். பல கடைகளிலே பீங்கானின் மேற் பொலித்தீன் தாளை விரித்துச் சோறிடுகின்றனர். பீங்கான் கழுவும் வேலை மிச்சமாம். சுடுசோற்றைப் பொலித்தீனில் இடுதல் உடலுக்கும் மண்ணுக்கும் நன்றன்றெனக் கருதி, 2017 செத்தெம்பரில் அரசாங்கம் உணவுத்தாளைத் தடைசெய்தது. தடை இருக்கிறது, தாளும் இருக்கிறது. வாழையிலைக்கு விலை கூடிற்று என்பர் கடைக்காரர். அதில் உண்மை உண்டு. ஆனால் நீர்வேலியிலும் கோப்பாயிலும் வாழைத்தோட்டங்கள் இருக்க, பட்டினத்திலே சோறு பொலித்தீனில் விழுதல் பொருந்துமாறு எங்ஙனம்? இலை கேட்பவர்க்கு இலை கொடுக்குங் கடைகள் இன்னும் உள, கேட்பவரே குறைந்துள்ளனர்.

இவ்வெழுத்தைப் படித்து, விடுமுறையில் ஊர் வரும் பழைய மாணவர் எவரேனும் இலைச்சோறு உண்ண எண்ணினால், வெள்ளிக்கிழமையிற் பன்னிரண்டரை மணிக்கு முன்னரே சென்றுவிடுதல் நன்று. ஒரு மணிக்குமேல் இருக்க இடங் கிடையாது. இரண்டு மணிக்குமேற் சோறு இருக்கும், சொதி முடிந்திருக்கும்.