கொடுத்தவர் உயிரோடிருக்கும் வரை

கடந்த தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், எண்பது வயதை நெருங்கிய தாயார் ஒருவர் பங்குமனை விறாந்தையில் வந்து அமர்ந்தார். மன்னார்த் தீவிலே அவருக்கு ஒரு வளவு உண்டு. அதன் உறுதியைப் பொலித்தீன் பையொன்றில் சுற்றி மடியில் வைத்திருந்தார். 1990இல் படகேறி இராமேஸ்வரம் சென்றபோதும், மண்டபம் முகாமில் வாழ்ந்த ஆண்டுகளிலும் அந்தக் காகிதம் அவரைவிட்டுப் பிரியவில்லை. மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது.

“சுவாமி, இந்த வளவை மாதாவுக்கு எழுதிப்போட வேணும். ஆனால் நான் கண்மூடும் மட்டும் இதிலதான் என்ர சீவியம். இருக்கிற தென்னையும் வாடகைக்கு விட்ட சின்ன வீடும்தான் எனக்குச் சோறு போடுது. குடுக்கிறதையும் குடுத்து, அதில சாப்பிடவும் வேணும் எண்டு கேக்கிறது பாவமோ?”

சில வாரங்களுக்கு முன்னர் அனனியா, சப்பிரா ஆகியோரைப் பற்றி நான் ஆற்றிய மறையுரையை அவர் கேட்டிருந்தார். காணியை விற்று, ஒரு பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, மறுபகுதியைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்த அந்தத் தம்பதியர் விழுந்து இறந்ததை நான் சற்று உரத்த குரலிலேயே சொல்லியிருந்தேன். அந்தக் குரல் இந்த ஏழைத் தாயின் நெஞ்சில் இவ்வாறு போய்த் தங்குமென்று நான் எண்ணியிருக்கவில்லை.

நான் உடனே மறுமொழி கூறாமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தொடக்க ஆண்டுகளில், வேறொரு பங்கில், கடற்றொழில் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் தம் வள்ளத்தையும் இயந்திரத்தையும் விற்ற பணம் முழுவதையும் என்னிடம் கொண்டுவந்து தந்தார். ஆலயக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. “உங்கள் அரிசிக்கும் மருந்துக்கும் மாதந்தோறும் பங்கு பொறுப்பு” என்று நான் வாக்களித்தேன். பணம் கூரைக்குப் போயிற்று. நான் அங்கிருந்தவரை மாதாமாதம் கொடுத்தும் வந்தேன். பின்னர் எனக்கு மாற்றம் வந்தது. வாக்கை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை; எனக்குப் பின் வந்தவரிடம் சொல்லவுமில்லை. அந்த முதியவரோ யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகளும் அவர் அயலவர் கொடுத்ததை உண்டே வாழ்ந்தார் என்பதை அவருடைய அடக்கத்துக்குச் சென்றபோதுதான் அறிந்தேன். கூரை இன்றும் நன்றாகவே இருக்கிறது.

ஆகவே, அன்பு வாசகர்களே, அந்தத் தாயின் கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறேன். கொடையளித்த பின்னரும், கொடுத்த பொருளிலிருந்து தன் வாழ்நாள் முழுவதும் உண்பதற்கு ஒருவர் வழி செய்துகொள்ளலாமா?

திருத்தூதர் பணிகள் நூலின் 5ஆம் அதிகாரத்தை அமைதியாக மீண்டும் வாசித்துப் பாருங்கள். விற்குமுன் காணி அனனியாவுக்கே உரியது என்பதையும், விற்ற பின்னரும் பணம் அவருடைய விருப்பத்துக்கு உட்பட்டதே என்பதையும் பேதுரு தெளிவாகவே நினைவூட்டுகிறார். ஒரு பகுதியை வைத்துக்கொண்டது அவருடைய குற்றமன்று. முழுவதையும் கொடுத்ததாகப் பொய் சொன்னதே குற்றம். என் மறையுரையில் நான் விட்ட பிழை இதுதான். ‘இவ்வளவு கொடுக்கிறேன், இவ்வளவு எனக்கு வேண்டும்’ என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடுபவர் அனனியாவுக்கு நேர்மாறானவர்.

சீராக்கின் ஞானம் 33ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உயிரோடிருக்கும்போதே உடைமையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் அவர்களிடம் கையேந்தி நிற்க வேண்டாமென்றும், வாழ்நாள் முடியும் வேளையில் அதைப் பகிர்ந்து கொடுக்கும்படியும் அந்த ஞானி அறிவுரை கூறுகிறார். அப்படியானால் இரண்டு காசுகளையும் போட்டுவிட்ட ஏழைக் கைம்பெண்ணை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கலாம். இயேசு அவரைப் பாராட்டினார், உண்மை. ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைக் கண்டித்தும் இருந்தார். அந்த இரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்கக் காணிக்கை பெறும் எங்களுக்கே அதிக துணிவு வேண்டும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹிப்போவின் ஆயர் புனித அகுஸ்தினார் தம் குருக்களின் வாழ்வைப் பற்றி மக்களுக்கு ஆற்றிய மறையுரையொன்றில், இன்று 355ஆவது என எண்ணிடப்படும் மறையுரையில், ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். பிள்ளைகள் இல்லாத, இனிப் பிறக்குமென்ற நம்பிக்கையும் இல்லாத ஒருவர், வருவாயைத் தம் வாழ்நாளுக்கென ஒதுக்கிக்கொண்டு, உடைமை அனைத்தையும் கார்த்தேஜ் திருச்சபைக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர் அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். அவர் வந்து கேட்கவுமில்லை, எதிர்பார்க்கவுமில்லை. ஆயர் அவுரேலியுஸ் தாமாகவே அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். வழக்குமன்றத்தின் சட்டப்படி அவர் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை, விண்ணகத்தின் சட்டமோ வேறு என்பது அகுஸ்தினார் தரும் விளக்கம். மகனை ஒதுக்கிவிட்டுத் திருச்சபையை உரிமையாளராக்க விரும்புவோர் தம்மைத் தேடி வர வேண்டாமென்பதையும் அதே மறையுரையில் அவர் உணர்த்தினார். குருமடத்தில் இதைப் படித்தபோது பரீட்சைக்குரிய செய்தியாக மட்டுமே எனக்குப் பட்டது.

மத்திய கால ஐரோப்பாவில் முதியவர்கள் தம் நிலத்தையோ பணத்தையோ துறவு மடங்களுக்குக் கொடுத்துவிட்டு, சாகும்வரை நாளாந்த அப்பமும் பானமும் தங்க ஓர் அறையும் பெற்றனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெற்ற பணத்தை உடனே செலவழித்துவிட்ட மடங்கள், அந்த முதியவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தபோது கடனில் மூழ்கின. கூரைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அரிசிக்கு வாக்களித்த என்னைப் போலவே அவர்களும் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. ஜோன் டிரம்புல் என்ற ஓவியர் 1831இல், எழுபத்தைந்து வயதில், தம் ஓவியங்களை யேல் கல்லூரிக்குக் கொடுத்தார். ஈடாகக் கல்லூரி அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 1000 டொலர் வழங்க உடன்பட்டது. 1843இல் அவர் இறக்கும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அதே 1843இல் அமெரிக்க விவிலியச் சங்கம் பொஸ்டன் வணிகர் ஒருவரிடமிருந்து இத்தகைய கொடையைப் பெற்றதை, அந்நாட்டு அறநிறுவனங்கள் வழங்கும் ‘கொடை ஆண்டுத்தொகை’யின் தொடக்கமாகக் கூறுவர். இன்று அங்கும் கனடாவிலும் இது சாதாரண நடைமுறை. கொடையாளர் ஒரு தொகையை மீளப்பெறாதவாறு கொடுக்கிறார். நிறுவனம் சாகும்வரை அவருக்கு நிலையான தொகையொன்றை வழங்குகிறது. எஞ்சுவது அறப்பணிக்குச் சேர்கிறது. வயது கூடக்கூட வீதமும் கூடும். கொடையாளர் இறக்கும்போது முதலில் ஏறத்தாழ அரைவாசியாவது எஞ்ச வேண்டும் என்ற கணக்கிலேயே வீதங்களை அங்கே பரிந்துரைக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவினர் யாரேனும் இதைப்பற்றி உங்களிடம் பேசினால் வியப்படைய வேண்டாம்.

இவ்வாறு நிலையான தொகைக்கு உடன்படுவதில் நம் நாட்டவர் மறக்கக் கூடாத ஒன்றுண்டு. 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் மாதம் 5000 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தவரின் உலைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தென்னையோ, காசின் மதிப்பு எவ்வளவு விழுந்தாலும், தேங்காயையே தரும்.

அதனால்தான் நம் முன்னோரின் வழக்கம் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. மகளுக்குச் சீதன உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்கெனச் ‘சீவிய உரித்து’ ஒதுக்கிக்கொள்வதை அறியாத வீடு நம் பகுதியில் அரிது. அதே ஏற்பாட்டை ஆலயத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ எழுதும் நன்கொடை உறுதியிலும் செய்யலாம். உடைமை பெறுபவருக்குப் போகிறது. குடியிருப்பதும், தேங்காய் பறிப்பதும், வாடகை வாங்குவதும் கொடுத்தவரின் சாவு வரை அவருக்கே உரியவை. அன்றாடத் திருத்த வேலைகளும் வரிகளும் அவருடைய பொறுப்பு. வளவைப் பாழாக்கவோ முழு உடைமையையும் விற்கவோ அவரால் முடியாது. அவர் கண்மூடியதும் புதிய உறுதி எதுவுமின்றியே சீவிய உரித்து முடிந்துவிடும். பங்குத்தந்தை மாறலாம், ஆயர் மாறலாம். தென்னைக்கு மாற்றம் வருவதில்லை. அந்தக் கடற்றொழிலாளருக்கு நான் வாயால் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

ஆயினும் அவசரம் வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி பற்றிய கொடை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் அமைய வேண்டும். ‘கோயிலுக்குச் சொல்லிவிட்டேன்’ என்பது சட்டத்தின் முன் ஒன்றுமில்லை. கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒருமுறை கொடுத்த நன்கொடையை நினைத்தபடி மீளப்பெற இயலாது. பெற்றவரின் கொடிய நன்றிகேட்டுக்காக மீட்பதானாலும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். மனம் இன்னும் உறுதிப்படாதவருக்கு மரண சாசனமே பொருத்தம், அதை உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். தேசவழமைக்கு உட்பட்டவர்களாயின் தேடிய தேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கும் பங்குண்டு. கட்டுக்கரைக்குளத்தின் கீழும் பிற இடங்களிலும் அரச அனுமதிப்பத்திரத்தில் காணி வைத்திருப்போர், பிரதேச செயலகத்தில் கேளாமல் எதையும் எழுத இயலாது. போர்க்காலத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள் பதிவகத்தில் பிரதியைத் தேடுவதே முதல் வேலை.

இவை கொடுப்பவரின் பக்கம். பெறுகின்ற எங்கள் பக்கத்தை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கட்டுப்படுத்துகிறது. நிபந்தனையோடு வரும் கொடையைப் பங்குத்தந்தை தம் விருப்பப்படி ஏற்க முடியாது. மறைமாவட்டத் தலைமையின் அனுமதி வேண்டும். ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும். 1267ஆம் சட்டமும் 1300ஆம் சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இவற்றையும் நான் குருமடத்தில் படித்தவன்தான்.

இனி மிகக் கடினமான பகுதி. நம் நாட்டில் பெற்றோர் தம் உடைமையைப் பிள்ளைகளைத் தவிர்த்து யாருக்கும் எழுதலாம். பொதுச் சட்டம் தடுப்பதில்லை. தடுப்பது மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம். ‘கொர்பான்’ என்று சொல்லி, கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகக் காட்டி, பெற்றோருக்குரியதை மறுத்த பிள்ளைகளை இயேசு அங்கே கண்டிக்கிறார். பிள்ளைக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கோபத்தில் கோயிலுக்கு எழுதும் பெற்றோருக்கும் அந்தக் கண்டனம் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். சில வேளைகளில் ஆலயத்துக்கு வரும் காணி, ஒரு குடும்பச் சண்டையின் கடைசி அடியாக இருக்கிறது. அதை நாம் மாதாவின் பெயரால் வாங்கக் கூடாது.

“பிள்ளைகளுக்குத் தெரியுமா அம்மா?” என்று அந்தத் தாயிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் பரிசில், ஈராண்டாகப் பேச்சில்லை. மகள் முருங்கன் பக்கத்தில், கணவரின் தாய் வீட்டில், சொந்தக் காணி இன்றி. இருவரோடும் பேசும்வரை உறுதியைத் தொட மாட்டேன் என்று கூறினேன். அவருக்கு என்மீது சினம். அடுத்த இரண்டு ஞாயிறும் பூசை முடிந்ததும் என்னைப் பாராமலே போனார்.

மூன்றாம் வாரம் பங்குமனையிலிருந்தே மகனோடு பேசினார். அவர் முதலில் என்னிடம்தான் கத்தினார், கோயில் கிழவியின் காணியைப் பறிக்கிறது என்று. பறிக்கவில்லையென நிறுவ என்னிடம் சான்று எதுவும் இல்லை. அகுஸ்தினாரின் கதையைச் சொல்லும் வேளையும் அதுவன்று. ‘அம்மா சாகும்வரை அவருடைய சோற்றை யாரும் தொடாதபடி எழுதுவோம், அந்த வாசகத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள்’ என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் அவர் கேட்டது காணியைப் பற்றியன்று. அம்மாவுக்கு இரவில் துணைக்கு யார் படுக்கிறார்கள் என்று கேட்டார்.

மாரி மழைக்கு முன்னர் இரண்டு உறுதிகள் முடிந்தன. பின்வளவு மகளுக்கு, தென்னைகளும் வாடகை வீடும் உள்ள முன்வளவு, பங்கிலுள்ள ஆதரவற்ற முதியோரின் பராமரிப்புக்கென மறைமாவட்டத்துக்கு. இரண்டிலும் சீவிய உரித்து அந்தத் தாய்க்கே. நொத்தாரிசு வாசித்துக் காட்டியபோது, ‘சீவிய உரித்து’ என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அன்றிரவு பங்கின் குறிப்பேட்டில் அந்தக் கொடையின் விவரத்தைத் தேதியோடு எழுதினேன். அதற்குக் கீழே, எனக்குப் பின் வருபவர் காணும்படி, இன்னொரு வரியும் சேர்த்தேன்: இந்த வளவில் விழும் தேங்காய் அவருடையது, பங்குமனைக்குத் தேவையானால் விலை கொடுத்து வாங்குக.