வீடற்ற மாணவருக்கான பள்ளிசார் நேர்வு மேலாண்மை

வீடற்ற மாணவருக்கான பள்ளிசார் நேர்வு மேலாண்மை என்பது, நிலையான இருப்பிடம் இல்லாத ஒவ்வொரு குழந்தையையும் தனி நேர்வாகக் கொண்டு, அதன் சேர்க்கை, வருகை, உணவு, உடல்நலம், தங்குமிடம் ஆகியவற்றைப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் தொடர்ந்து கவனித்து வரும் முறை ஆகும். உதவிகள் பல துறைகளிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் குழந்தையிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெயர் குறிப்பிட்ட ஓர் ஆளிடம் இருக்கவேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. தமிழ்நாட்டில் இப்பெயர் அதிகம் வழங்குவதில்லை. ஆயினும் இதன் கூறுகள் பல சட்டத்திலும் பள்ளிக்கல்வித் துறையின் நடைமுறைகளிலும் உள்ளன.

வீடற்றவர் யார்?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடத்துக்குள் வாழாமல் சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, தொடருந்து நிலைய நடைமேடை போன்ற இடங்களில் வாழ்வோரையே வீடற்றவர் என எண்ணுகிறது. 2011 கணக்கெடுப்பில் இவ்வாறு நாடு முழுவதும் சுமார் 17.7 இலட்சம் பேர் பதிவாயினர். ஐக்கிய அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட மெக்கின்னி-வென்டோ சட்டம் வேறு அளவுகோலைக் கொண்டது. நிலையான, வழக்கமான, போதுமான இராத்தங்கல் இடம் இல்லாத மாணவர் எவரும் அச்சட்டப்படி வீடற்றவரே. வீட்டை இழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருப்போரும் இதில் அடங்குவர். அந்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் மாணவர் மட்டுமே சுமார் 13.7 இலட்சம் பேர் வீடற்றவராக இனங்காணப்பட்டனர். இந்தியாவின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டு அமெரிக்காவில் வறுமை மிகுதி என முடிவு செய்வது தவறு. வேறுபடுவது வரைவிலக்கணம். யாரை எண்ணுகிறோமோ அவருக்கே உதவி சென்று சேர்கிறது என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

சேலம், நாமக்கல் சமவெளியில்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையின் ஊர்கள் பல நீரில் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடி நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளித்தெரிவதுண்டு. இன்றைய இடப்பெயர்வு அவ்வாறு கண்ணில் படுவதில்லை. இச்சமவெளியில் வீடின்மை பெரும்பாலும் நடைபாதையில் படுத்திருப்பதில்லை. வேலை தருபவரின் இடத்தில் குடியிருப்பதாக அமைகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறைகளை ஒட்டிய லைன் வீடுகள், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குள் உள்ள தொழிலாளர் குடியிருப்புகள், செங்கல் சூளைக் குடிசைகள் ஆகிய இடங்களில் தலைக்குமேல் கூரை உண்டு. ஆகவே கணக்கெடுப்பில் இக்குடும்பங்கள் வீடற்றவை அல்ல. ஆனால் வேலை போனால் கூரையும் போகும். முன்பணக் கணக்குத் தீர்ந்தோ தீராமலோ குடும்பம் வேறு முதலாளியிடம் மாறினால், குழந்தையின் பள்ளியும் அன்றே மாறுகிறது அல்லது நின்றுபோகிறது.

சூளைகளின் பருவம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பள்ளி ஆண்டு சூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சூளை வேலையோ பொங்கலை ஒட்டி மும்முரமாகி, மழை வரும்வரை நீள்கிறது. எனவே குழந்தை இழப்பது பெரும்பாலும் மூன்றாம் பருவத்தை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரும் அதே வகுப்பில் நிறுத்தப்படுவதில்லை. இது நல்ல விதியே. ஆயினும் குழந்தை ஊரில் இல்லாதபோதும் பெயர் பதிவேட்டில் அடுத்த வகுப்புக்கு ஏறிவிடக்கூடும். வருகையைக் கவனிக்கும் ஆள் இல்லாவிடில் பதிவேட்டில் குறை எதுவும் தெரியாது.

சட்டப் பின்னணி

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இவ்வகையில் வலுவான உரிமைகளைத் தருகிறது. பள்ளி செல்லாத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, அதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கவேண்டும் (பிரிவு 4). மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது (பிரிவு 5). வயதுச் சான்று இன்மையும் மறுப்புக்குக் காரணம் ஆகாது (பிரிவு 14). புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை (பிரிவு 9). மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அன்று என 2024இல் சென்னை உயர்நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

வீடோ நிலையான உறைவிடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாத குழந்தையை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. அத்தகைய குழந்தையைப் பற்றி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவே முடிவெடுக்கும். பள்ளி 1098 என்ற எண்ணில் தகவல் தரலாம். ஆனால் பெற்றோருடன் சூளையில் வாழும் குழந்தைக்கு இவ்வழி பொதுவாகப் பொருந்தாது. குடும்பத்திலிருந்து குழந்தையைப் பிரிப்பது இம்முறையின் நோக்கம் அன்று.

செயல்படும் முறை

முதற்படி இனங்காணல். அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இதற்கென ஒரு தொடர்பாளரை அமர்த்தவேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கின்றனர். ஆனால் கணக்கெடுத்தல் வேறு, பின்தொடர்தல் வேறு. பொறுப்பாளர் முதலில் கேட்கவேண்டியவை எளியவை: இரவில் எங்கே படுக்கிறாய், வீட்டுப்பாடம் எழுத விளக்கு உண்டா, வேலைநேரத்தில் தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்து எங்கே போவீர்கள்? இக்கடைசிக் கேள்வியே மிக இன்றியமையாதது. இவற்றை வகுப்பில் பிறர் முன்னிலையில் கேட்கலாகாது.

விடைகளுக்கேற்ப உதவிகளை இணைப்பது அடுத்த படி. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, அரசு விடுதிகள், சிறுமியருக்கான கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள், பெற்றோரை இழந்தோருக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் வகையில் 2025இல் தொடங்கப்பட்ட அன்புக் கரங்கள் திட்டம் எனப் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி அலுவலகம். ஒருநாள் கூலியை விட்டு அலைய இயலாத பெற்றோருக்குப் பதிலாக அந்த அலைச்சலை ஏற்பதே பொறுப்பாளரின் பெரும்பணி.

மூன்றாவது, கையளிப்பு. தமிழ்நாட்டின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. பள்ளி மாறும்போது பழைய பள்ளி மாணவரின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க, புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, பள்ளிபாளையத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி தையில் மேச்சேரிப் பக்கம் செல்வதாகக் கொள்வோம். பழைய பள்ளி பதிவை விடுவிக்காதவரை, அவள் புதிய வகுப்பறையில் அமர்ந்திருந்தாலும் கணினியில் பள்ளிபாளையத்து மாணவியே. பதிவை விடுவித்த பின் எவரும் எடுக்காவிட்டால் அவள் எப்பள்ளியிலும் இல்லை. முறைமை இவ்விரண்டையும் காட்டும்; ஆனால் தொலைபேசியை எடுத்து, "குழந்தை வந்து சேர்ந்ததா?" என மேச்சேரித் தலைமையாசிரியரைக் கேட்பது ஓர் ஆளால்தான் ஆகும். ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களுக்குத் திரும்பும் குழந்தையைப் பின்தொடர்வது இன்னும் கடினம். தேசிய அளவிலான யுடைஸ் பிளஸ் தளம் மாணவர் வாரியாகத் தரவு திரட்டத் தொடங்கியதே 2022-23இல்தான்.

பயனும் வரம்பும்

இம்முறையின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1977இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கம்யூனிட்டீஸ் இன் ஸ்கூல்ஸ்' அமைப்பின் நேர்வு மேலாண்மையை எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனம் சமவாய்ப்பு முறையில் ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் மாணவரின் வருகையோ மதிப்பெண்ணோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. அவ்வாய்வு வீடற்ற மாணவரை மட்டும் பற்றியதன்று. எனினும் மாதத்துக்கு ஓரிரு சந்திப்புகள் போதும் என எண்ணும் திட்டங்களுக்கு அது எச்சரிக்கை எனலாம்.

தமிழ்நாட்டில் மற்றொரு வரம்பு வயது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வயதினரை ஆபத்தானவை எனப் பட்டியலிட்ட தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பருவத்தை இழந்த மாணவருக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் சட்ட உரிமை இல்லை. பெற்றோர் குடியிருக்கும் பட்டறையில் வேலையோ கதவருகிலேயே இருக்கிறது.