பெட்டியா, கணினியா? சின்தசைசர் வாங்குவோர்க்குச் சில விளக்கங்கள்

"சார், பையன் மியூசிக் பண்ணணும்ங்கறான். நாப்பது அம்பதாயிரம் போட்டு சின்தசைசர் வாங்கணுமா, இல்ல வீட்டுல இருக்கற கம்ப்யூட்டர்லயே ஏதோ போட்டுக்கலாமாமே?" நம் சங்கத்து விழாக்களில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் ஆண்டுக்குப் பத்துப் பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். மேடையை விட்டு இறங்கும்போது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது. ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எடுத்துக்கொண்டேன். சின்தசைசர் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட தமிழ்ச்சொல் வழக்கில் இல்லாததால் அப்படியே எழுதுகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் ஒரு தெளிவு. கீபோர்டு வேறு, சின்தசைசர் வேறு. கீபோர்டு என்பது கட்டைகளின் வரிசை. சின்தசைசர் என்பது ஒலியை உண்டாக்கும் பகுதி. அதன் பழைய முறை எளிமையானது. ஆசிலேட்டர் என்னும் மின்சுற்று, மேற்சுரங்கள் நிறைந்த ஒரு கரடுமுரடான ஒலியைத் தரும். ஃபில்டர் அதைச் சல்லடை போல் சலித்து, வேண்டாத மேற்சுரங்களைக் குறைக்கும். பிறகு ஒலி எப்படி எழுந்து, எவ்வளவு நேரம் நின்று, எப்படி அடங்க வேண்டும் என்பதை என்வலப் என்ற பகுதி தீர்மானிக்கும். 1970இல் வந்த மினிமூக் முதல் இன்றைய இலவச மென்பொருள் வரை பெரும்பாலானவற்றுக்கு இதுவே அடிப்படை.

இந்த விஷயத்தை விளக்க நம் மும்பையிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982இல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டது. கையாண்ட கருவிகள் மூன்று, மூன்றும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள்: ஜுப்பிட்டர்-8 என்ற எட்டுக்குரல் சின்தசைசர், டி.ஆர்.-808 என்ற தாளப் பெட்டி, டி.பி.-303 என்ற சிறிய பாஸ் பெட்டி. பைரவ், லலித், பூபாளி, தோடி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து இந்துஸ்தானி ராகங்கள். பூபாளி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம், அவர்கள் தோடி என்பது நம் சுபபந்துவராளிக்கு நெருங்கியது. அன்று அந்தத் தட்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303 பெட்டியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது நடனஇசை வகைக்கு வழி திறந்தது. 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோது, ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே பம்பாயில் ஒருவர் இதைச் செய்துவிட்டாரே என்று உலகம் மூக்கின் மேல் விரல் வைத்தது. அவர் 2015இல் காலமானார்.

அந்த 303இன் கதைதான் நம் கேள்விக்குப் பாதி விடை. பாஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாத இசைக்கலைஞருக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த பெட்டி அது. பாஸ் கிடார் போல ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். ராகத்தை அதில் ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. (ஆனால் அதைக் கமகம் என்று சொல்லிவிட மாட்டேன். எல்லா வழுக்கலும் ஒரே மாதிரி, இயந்திர கதியில் போகும். நம் பாட்டு வாத்தியார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.)

பெட்டி சந்தையில் அரிதாகி, விலை ஏறியபோது மென்பொருள் வந்தது. 1997இல் சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் 'ரீபர்த்' என்ற நிரலை வெளியிட்டது. இரண்டு 303, ஒரு 808 எல்லாம் கணினித் திரைக்குள்ளேயே. பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் உலகெங்கும் அதில் இசையமைத்தார்கள். 2005இல் அதை நிறுத்தி இலவசமாகக் கொடுத்தார்கள். 2010இல் ஐபோனுக்கும் பிறகு ஐபேடுக்கும் புது வடிவில் வந்தது. 2017இல், ரோலண்ட் நிறுவனம் தன் உரிமையைக் காட்டி ஆட்சேபிக்கவே, அதையும் விலக்கிக்கொண்டார்கள். பெட்டியின் பிரதியாக வந்த மென்பொருள் போய்விட்டது; 1984க்கு முன் செய்த பெட்டிகள் பல இன்னும் வேலை செய்கின்றன. ரோலண்டே 2016இல் டி.பி.-03 என்ற சிறு பெட்டியாக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2019இல் பெரிங்கர் நிறுவனம் டி.டி.-3 என்று மலிவு விலையில் ஒன்று போட்டது. ஆக, வன்பொருள் பழசு, மென்பொருள் புதுசு என்று காலவரிசை வைத்துப் பேசுவது சரிவராது.

ஒலித்தரம் பற்றி நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு. ஏனென்றால் பெட்டி என்று நாம் சொல்லும் பலவும் உள்ளே கணினிதான். 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறையில், முழுக்க முழுக்க எண்கணக்கால் ஒலி உண்டாக்கும் கருவி. எண்பதுகளின் திரையிசையில் அந்த மணியோசை போன்ற மின்பியானோ ஒலியைக் கேட்காதவர் இருக்க முடியாது. அதே கணக்கை இன்று 'டெக்ஸட்' என்ற இலவச நிரல் உங்கள் லேப்டாப்பில் போடுகிறது, பழைய டி.எக்ஸ்.7 ஒலிக்கோப்புகளையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் வேறுபாடு சொல்வது கஷ்டம்.

மின்சுற்றாலான அனலாக் பெட்டிகளின் விஷயம் கொஞ்சம் வேறு. அவை சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்பச் சுருதி நகரும். போட்டவுடன் வாசிக்காமல் சிறிது நேரம் சூடேற விட வேண்டும். அந்தச் சிறு நகர்வுதான் ஒலிக்கு உயிர் தருகிறது என்பார்கள். தம்புராவின் ஜீவாவைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புரியாததல்ல. மென்பொருளில் ஆரம்ப காலத்தில் இருந்த குறை இன்னொன்று. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரியுமே, அதுபோலக் கணினி எடுக்கும் மாதிரிகளின் வேகத்தில் பாதியைத் தாண்டிய மேற்சுரங்கள் திரும்பி மடிந்து, ராகத்தில் இல்லாத சுரங்களாக வந்து விழும். உச்சஸ்தாயியில் ஒரு கரகரப்பு கேட்கும். இன்றைய நல்ல நிரல்கள் கணக்கை இன்னும் அதிக வேகத்தில் போட்டு இதைப் பெருமளவு தீர்த்துவிட்டன.

உண்மையில் பார்க்க வேண்டிய வேறுபாடு தாமதம். கட்டையை அழுத்திய பிறகு கணினி ஒலியைக் கணக்கிட்டு வெளியே தரச் சிறிது நேரம் ஆகும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில், 256 மாதிரிகளை ஒரு தொகுப்பாகக் கணினி கையாண்டால் அதற்கு மட்டும் 5.8 மில்லிநொடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் 2 மீட்டர் போகும். அதாவது உங்கள் கருவியின் ஒலிபெருக்கி இரண்டு மீட்டர் தள்ளியிருப்பது போல. இது ஒன்றும் தப்பில்லை. கச்சேரி மேடையில் பாடகருக்கும் கடம் வாசிப்பவருக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கத்தான் செய்கிறது. தொகுப்பு 1024 ஆனால் 23 மில்லிநொடி, எட்டு மீட்டர். அப்போது விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். ஆகவே மென்பொருள் வழி போகிறவர் விலையுயர்ந்த நிரலுக்குச் செலவழிப்பதைவிட ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

நம் இசைக்கு இன்னொரு கேள்வி உண்டு: வளையுமா? கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்ற மொழி 1983இல் வந்தது. அது மேற்கத்தியக் கட்டைகளை மனத்தில் வைத்துச் செய்தது. மொத்தம் 128 சுரங்கள். அவற்றுக்கு இடைப்பட்டதையெல்லாம் பிட்ச் பெண்ட் என்ற சக்கரத்தால் வளைத்துப் பிடிக்க வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு மிடியில் 16,384 படிகள், ஆகவே நுணுக்கத்துக்குக் குறைவில்லை. கே. சத்தியநாராயணன் கீபோர்டிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறாரே! ஆனால் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் ஒன்றாக வளையும். ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் அசைக்க முடியாது. ஒவ்வொரு விரலும் தனித்தனியே வளைக்கும்படியான எம்.பி.இ. என்ற முறை 2018இல் தரப்படுத்தப்பட்டது. இதில் மென்பொருள் முந்திக்கொண்டது என்றே சொல்வேன். 'சர்ஜ் எக்ஸ்.டி.', 'வைட்டல்' போன்ற நிரல்களில் காசு கொடுக்காமலே அந்த வசதி கிடைக்கிறது. மகேஷ் ராகவன் ஐபேடில் 'ஜியோஷ்ரெட்' செயலியைத் தடவிக் கீர்த்தனை வாசிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே கட்டையே இல்லை, கண்ணாடிதான்.

அப்படியானால் மென்பொருளே போதும் என்று சொல்லிவிடலாமா? இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சங்க நாட்டிய நாடகங்களுக்குப் பல ஆண்டுகள் இசையமைத்த நண்பர் ஒருவர் மறைந்த பின், அவருடைய ஹார்டு டிஸ்கைக் குடும்பத்தார் என்னிடம் தந்தார்கள். "அப்பா போட்ட மியூசிக் எல்லாம் இதுல இருக்கு அங்கிள், எடுத்துக் குடுங்க" என்றாள் மகள். கோப்புகள் இருக்கின்றன. எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பும் இருக்கிறது. ஆனால் அந்தச் சுரங்களை ஒலித்த சின்தசைசர் நிரல் இன்றைய கணினியில் ஏறாது. பழைய கணினியில் ஏற்றினாலும் உரிமம் சரிபார்க்க ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தேடுகிறது, அந்த நிறுவனம் இப்போது இல்லை. அவர் பதினைந்து வருஷம் தேடித் தேடிச் செதுக்கிய ஒலிகள் அதற்குள் பூட்டிக் கிடக்கின்றன. முழுப் பாட்டாகக் கலந்து வைத்திருந்த ஆறு மட்டுமே கேட்கக் கிடைத்தன. அவர் வீட்டுப் பழைய கீபோர்டோ, ஸ்விட்சைப் போட்டதும் விழித்துக்கொண்டது.

இது ஒருவருக்கு நேர்ந்த விபத்து அல்ல. ஆப்பிள் 2002இல் இமேஜிக் நிறுவனத்தை வாங்கியதும் 'லாஜிக்' நிரலின் விண்டோஸ் பதிப்பு நின்றது. 2019இல் மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பு 32 பிட் நிரல்களைக் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் எத்தனையோ பேருடைய பாட்டுகள் வாய் மூடின. ஆகவே மென்பொருளில் வேலை செய்பவர், ஒரு பாட்டு முடிந்த அன்றைக்கே ஒவ்வொரு கருவியையும் தனித்தனி 'வேவ்' கோப்பாக எழுதி இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். மிடி கோப்பையும் கூடவே வையுங்கள். திறந்த மூலநிரலாக வரும் 'சர்ஜ்', 'டெக்ஸட்' போன்றவற்றை நான் பரிந்துரைப்பதற்கு இலவசம் என்பது மட்டும் காரணமல்ல. நிறுவனம் மூடினாலும் இன்னொருவர் அதைப் புதுக் கணினிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

மேடைக்கு வேறு நியாயம். போன வருஷ விழாவில் ஒரு குழுவின் லேப்டாப் சரணத்தின் நடுவில் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. பாடகி தபலாவை மட்டும் வைத்துக்கொண்டு பாடி முடித்தார். கரெண்ட் போய் வந்தால் பெட்டி சில நொடிகளில் தயார். திருகுகள் கைக்குப் பழகியிருக்கும், இருட்டிலும் தெரியும். விழாவுக்கு விழா வாசிப்பவருக்கு ஒரு பெட்டி அவசியம் என்பது என் துணிபு.

படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு? 49 கட்டை மிடி கீபோர்டு ஒன்று, வீட்டில் உள்ள கணினி, மேலே சொன்ன இலவச நிரல்கள், காதுக்கு நல்ல ஹெட்ஃபோன். ஒரு வருஷம் ஒரே நிரலில் இருக்கட்டும். நூறு நிரல் ஏற்றிவிட்டு எதிலும் ஒரு ஒலியைக்கூடச் சொந்தமாகச் செய்யாத பையன்களை நிறையப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் ஆசை நின்றால், எந்தப் பெட்டி வேண்டும் என்று அவனே சொல்வான்.

பெட்டி வாங்கியவர்களுக்கு, இந்த ஊர்க் கடற்காற்றை மறக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்லைடர்களும் திருகுகளும் துருப்பிடித்துக் கரகரக்கும். துணி போட்டு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். வாரம் ஒருமுறையாவது போட்டு வாசியுங்கள். டி.எக்ஸ்.7 போன்ற பழைய கருவிகளில் ஒலிகளை நினைவில் வைக்க உள்ளே ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் நீங்கள் செய்த ஒலிகள் போய்விடும். மாற்றுவதற்கு முன் மிடி வழியாக எல்லா ஒலிகளையும் கணினிக்கு இறக்கிக்கொண்டு, பிறகு லாமிங்டன் ரோட்டில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். பல கருவிகளில் அந்த பேட்டரி பலகையோடு பற்றவைத்திருக்கும். வீட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.