முகத்துவாரத்தில் நிற்கும் எஞ்சின்

எஞ்சின் வைத்த படகென்றால் நகரவாசிகளாகிய நமக்கு வேகம்தான் நினைவுக்கு வருகிறது. பழவேற்காட்டுக் குப்பங்களில் கவலை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே கட்டுமரங்கள் அருகிக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர். ஆதலால் விசிறியைத் தூக்கிக்கொள்ள வசதியான, நீண்ட தண்டுடைய டீஸல் எஞ்சின் உகந்தது. ஆனால் கடலுக்குப் போகிறவர் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டுமே! அலை உடையும் அவ்விடத்தில் எஞ்சின் நின்றால் படகு அலைக்குப் பக்கம் காட்டித் திரும்பும். கவிழ்வதற்கு நொடிப்பொழுது போதும்.

ஆகையால் வளையம் தேய்ந்து நீலப்புகை கக்கும் எஞ்சினைக் குப்பத்துக் கரையிலேயே கழற்றி மாற்றிவிடுவது விவேகம். பளுவைத் தூக்க நாலு பேர் கிடைப்பார்கள். சிரமமெல்லாம் தண்டை நேர்கோட்டில் அமர்த்துவதில்தான். இம்மியளவு கோணினாலும் அதிர்ச்சியில் பேரிங் தேய்ந்துவிடும். பழைய டாங்கியைக் கழுவாமல் மாட்டுவோரும் உண்டு. அதனடியில் தங்கிய உப்புத் தண்ணீர், கடன் வாங்கிப் பொருத்திய புது எஞ்சினின் டீஸல் பம்பை அரித்துவிடுகிறது.